பதினெட்டு சென்டிமீட்டர் தண்ணீர்

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்கிறது, இறங்கும்போது வலிப்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். பதிலைக் கீழ்த்தளத் தையற்கடை விலாசத்துக்குப் போடு. கடை அக்கா வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கார் பட்டறைக்குப் போனதிலிருந்து அப்பா வீட்டில் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. டாக்சி ஸ்டாண்டில் பேசுகிறார். நேற்று சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மாட்டிவிட்டுப் போன சிவப்புக் குழாயை மற்ற டிரைவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி பெட்டியை எடுத்துட்டு இதை வச்சான். இப்ப மேடு ஏறும்போது கியர் மாத்தவே வேண்டியதில்ல."

"யாரு வச்சது?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பையன்."

என்னைப் பார்த்ததும் பானெட்டைச் சாத்திவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். பள்ளி நூலகத்தில் இன்ஜின் பற்றி ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. அதை எடுத்த முதல் ஆள் நான்தான் என்று நூலக மேடம் சொன்னார். அதிலுள்ள படத்தில், காற்றை வடிகட்டும் பில்டர் இன்ஜினுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. உன் குழாயோ கீழே வளைந்துபோய் பம்பருக்குப் பின்னால் முடிகிறது. பில்டர் அங்கே பெட்டி இல்லாமல் தொங்குகிறது. அவ்வளவு கீழே ஏன்?

உன் பதிலுக்காகத் தினமும் தையற்கடைப் பக்கம் போவேன்.

உன் தங்கை


ஜூன் 27

கேள்விமேல் கேள்வி கேட்கும் வக்கீலம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் சுகம். இரண்டு வேளை மெஸ்ஸில் சாப்பாடு, ஒரு வேளை போர்மேன் திட்டு. ஆனால் நல்ல மனிதர். நேற்று ஒரு வண்டியை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார். "வண்டியில கீறல் விழுந்தா உன்மேலயும் விழும்" என்றார். அம்மாவை முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். பானெட்டுக்குள் இருப்பது சூடான காற்று. கீழே, பம்பருக்குப் பின்னால் குளிர்ந்த காற்று கிடைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே இடத்துக்குள் அதிகம் அடங்கும். காற்று அதிகம் என்றால் எரிவது அதிகம், இழுப்பும் அதிகம். அதனால்தான் கீழே. இதை உன் தடிமனான புத்தகம் சொல்லவில்லையா?

அப்பா ஸ்டாண்டில் சொன்னதை எழுதினாயே, அந்த இடத்தை நான்கு தடவை படித்தேன்.

பாடத்தைப் படி. இன்ஜினை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அம்மா எண்ணெய் தேய்த்தாள். முட்டி அப்படியேதான் இருக்கிறது, புடவைதான் கறையாகிவிட்டது.

புத்தகம் நீ சொன்னதைச் சொல்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் வேறொன்றையும் சொல்கிறது. பிஸ்டன் காற்றை அமுக்கும். காற்று அமுங்கும். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் அது அமுங்காது. அப்போது பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்புக் கம்பி வளைந்துவிடும். இன்ஜின் அதோடு சரி.

இதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. அறிவியல் கூடத்தில் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்கிப் பார்த்தேன். காற்று பாதிவரை அமுங்கியது. தண்ணீரை நிரப்பி அமுக்கினேன். என் கட்டைவிரல்தான் சிவந்தது.

பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தரையிலிருந்து உன் பில்டரின் அடிப்பாகம் இருபத்து நான்கு சென்டிமீட்டர். அப்பா வாரத்தில் மூன்று நாள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். போகும் வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறதே, மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். உனக்கே தெரியும், சின்ன வயதில் அதில்தான் செருப்பைத் தொலைத்தாய்.

மழைக்காலம் நெருங்குகிறது. ஒரு வார்த்தையில் பதில் சொல். அந்தக் குழாய்க்குள் தண்ணீர் போகுமா, போகாதா?

உன் தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை தலைக்குமேல் இருக்கிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பில்டருக்கு மேலே மாட்டும் துணி உறை. தண்ணீர் ஒட்டாத துணி. பம்பருக்கு அடியில் கைவிட்டு நீயே மாட்டிவிடலாம், சாக்ஸ் போடுகிற மாதிரிதான். மாட்டியதும் அந்த விஷயத்தை மறந்துவிடு.

வாத்தியாருக்கு என் வணக்கம். அவர் இப்போதும் வாடகைச் சில்லறையை உன்னைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறாரா?

அண்ணன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கையெழுத்து இந்தத் தடவை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவசரமாக எழுதினால்தான் உனக்கு அப்படிச் சாயும்.

உறை வந்தது. மாட்டுவதற்கு முன்னால் அதை ஒரு பாட்டில் வாயில் கட்டிப் பார்த்தேன். மேலே தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. பிறகு பாட்டிலை அழுத்தி வைத்துக்கொண்டு வாளிக்குள் முக்கி, பிடியைத் தளர்த்தினேன். பாட்டில் விரியும்போது தண்ணீரைத் துணி வழியாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. தெளிக்கும் தண்ணீருக்குத்தான் இந்த உறை. மூழ்கினால் பயனில்லை. இது உனக்குத் தெரியாமல் இருக்காது.

நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீ ஒரு உறை அனுப்பியிருக்கிறாய்.

அப்பாவிடம் நேரடியாகவே சொல்லிவிட்டேன். "அப்பா, அந்தக் குழாயைக் கழட்டிடலாம். மழைத் தண்ணியை உறிஞ்சிடும்."

"எந்த வாத்தியார் சொன்னாரு?"

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அவன் எனக்குன்னு செஞ்சது இந்த ஒண்ணுதான். அதுல கை வைக்காதே."

அதன் பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டினாலே பாடம் காதில் விழுவதில்லை. இன்னொரு தடவை கேட்கிறேன். போகுமா, போகாதா?

உன் தங்கை


ஆகஸ்ட் 29

தங்கைக்கு,

நலம். இனிமேல் கடித உறையின் பின்னால் உள்ள புது விலாசத்துக்கு எழுது. அறை மாறிவிட்டேன்.

வண்டியிலிருந்து நான் எடுத்த பழைய கம்பெனி பெட்டி பரண்மேல், இடது மூலையில் இருக்கிறது. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டச் சொல். பத்து நம்பர் ஸ்பானர், நாலு போல்ட்டு, அரைமணி நேர வேலை. அப்பாவிடம் சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன். உன் கடிதத்தில் இந்தத் தடவை போர்மேன் வரவில்லை. அம்மாவின் முட்டி வரவில்லை. வக்கீலம்மாவும் வரவில்லை.

பெட்டி பரணில் இல்லை. அம்மா அதில் துணிக் கிளிப்புகளைப் போட்டுக் கொடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். "இவ்வளவு அம்சமா ஒரு டப்பா, அதைப் போய் இன்ஜினுக்குள்ள வைப்பாங்களா?" என்றாள். கிளிப்புகளைக் கொட்டிவிட்டுக் கழுவினேன். மெக்கானிக்கும் வந்தார். ஸ்பானரை எடுத்ததும் அப்பா வெளியே வந்துவிட்டார்.

"யாரு வரச் சொன்னது?"

மெக்கானிக் என்னைக் காட்டினார்.

"அவன் சொன்னானா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் உன் பேச்சை மீறியதாகிவிடும். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அவன்தான் சொன்னான்னா அவனே எனக்கு ஒரு வரி எழுதட்டும். வச்சது தப்புன்னா தப்புன்னு எழுதட்டும். அன்னைக்கே கழட்டிடறேன். தங்கச்சி முதுகுக்குப் பின்னால நின்னு பேச வேணாம்."

மெக்கானிக் போய்விட்டார். நானும் அப்பாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சுரங்கப்பாதைச் சுவரில் வெள்ளைப் பெயின்ட்டால் சென்டிமீட்டர் கோடுகள் போட்டேன். தண்ணீர் இருபதுக்கு மேல் இருந்தால் அப்பா சுற்றிப் போவார். சுற்றினால் நாற்பது நிமிடம் அதிகம். பள்ளி இல்லாத நாட்களில் நானும் முன் சீட்டில் உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பேன்.

ஒரே ஒரு வரி, அண்ணா. என் நோட்டில் நீ எவ்வளவோ கிறுக்கியிருக்கிறாய்.

உன் தங்கை


செப்டம்பர் 19

அண்ணாவுக்கு,

நலமா? பதினாறு நாளாயிற்று. தையற்கடை அக்கா, நான் படியிறங்கும்போதே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

முந்தாநாள் சுரங்கப்பாதையில் ஒன்பது சென்டிமீட்டர். நேற்று பதின்மூன்று. அப்பா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை, ஆனால் நான் வெளியே போய்விட்டு வந்தால் என் கையைப் பார்க்கிறார், கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று. தையற்கடை விஷயம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? அதையாவது எழுது.

தங்கை


செப்டம்பர் 28

அண்ணாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நலம். வாத்தியாரும் நலம். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது.

நேற்று சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. நான் முன்னால், வாத்தியார் பின்னால். அப்பா சுரங்கப்பாதைச் சரிவில் வண்டியை நிறுத்தினார்.

"எவ்வளவு?"

"பதினெட்டு."

"என்ன செய்யலாம்?"

பில்டர் இருபத்து நான்கில். உடன்பாடு இருபது. "போகலாம்" என்றேன். "ஆறு மீதி இருக்கு, தாராளமா போ" என்றார் வாத்தியார். அப்பா முதல் கியரில், மாட்டை நடத்துவது போல மெதுவாகத்தான் இறக்கினார்.

பாதி வழியில் எதிரே ஒரு லாரி வேகமாக இறங்கியது. அது தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே வந்தது. நம்பர் பிளேட் மறைந்தது. பிறகு முன்விளக்குவரை ஏறியது. இன்ஜின் விக்கல் எடுப்பது போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

அப்பாவின் கை சாவிக்குப் போனது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது என்று புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ப்பா. இப்ப திருப்பினா கம்பி வளைஞ்சிடும்."

"வாத்தியாருக்கு நேரமாகுதுடா."

"பாப்பா சொல்றதைக் கேளுப்பா" என்றார் வாத்தியார் பின்னாலிருந்து. "லேட்டா போனா நர்ஸம்மா திட்டும். நான் திட்டு வாங்கி அம்பது வருஷம் ஆச்சு, வாங்கிக்கறேன்."

அப்பா சாவியை உருவி என்னிடம் கொடுத்தார். வாத்தியாரை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய், வேறொரு வண்டியில் ஏற்றினார். வாத்தியார் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆளாகத்தான் மெஷின் கிடைத்ததாம். வேறு வண்டியில் ஏறும்போது அவர் தடுமாறினார். கைப்பிடியைப் பிடிக்க இரண்டு தடவை முயன்றார். எனக்கு அதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

மேட்டில் நனைந்துகொண்டே அப்பாவிடம் சொன்னேன். "நான்தான் போகலாம்னு சொன்னேன். நின்ன தண்ணியைத்தான் அளந்தேன். அலையை யோசிக்கல."

அப்பா நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். "ஓட்டினது நான்தானே" என்றார்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றினார். ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கம்பி வளையவில்லை. "இன்னொரு தடவை சாவியைத் திருப்பியிருந்தா இந்த வண்டி என்கிட்ட வந்திருக்காது, பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்" என்றார். ஆயிலை மாற்றிக் காயவைத்திருக்கிறார். கடைசியில், "குழாயைக் கழட்டவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

புதன்கிழமை வண்டி மறுபடி ரோட்டுக்கு வருகிறது, குழாயோடு. உன்னிடம் இனி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

தங்கை


அக்டோபர் 6

அப்பாவுக்கு,

இதை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை.

நான் வைத்த குழாய் தப்பு. தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

தங்கை ஜூலையில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள், தண்ணீர் போகுமா என்று. அந்த வாரம் பட்டறைக்கு ஒரு நர்ஸ் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார், மேட்டில் திணறுகிறது என்று. அதே மாதிரிக் குழாயை நான்தான் அவருக்குச் சொல்லி மாட்டினேன். வண்டியை ஒப்படைக்கும்போது தங்கையின் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மழையில் கவனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் வேண்டாம் என்று கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று சொல்லவில்லை. வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி மழையில் அந்த வண்டி நின்றது. அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று தடவை ஸ்டார்ட் செய்திருக்கிறார். கம்பி வளைந்து இன்ஜினின் பக்கவாட்டையே உடைத்துவிட்டது. போர்மேன் அவரிடம், "நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் போன பிறகு போர்மேன் என்னிடம், "தண்ணியைப் பத்திச் சொல்லித்தானே கொடுத்தே?" என்றார். இல்லை என்றேன். மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. இப்போது ஓரிடத்தில் வண்டி கழுவுகிறேன்.

உங்களுக்கு அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இவ்வளவையும் எழுத வேண்டியிருந்தது. அதனால் எழுதாமலே இருந்துவிட்டேன்.

உங்கள் மகன்


அக்டோபர் 12

மகனுக்கு அப்பா சொல்ல, தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்கே சாயங்காலம் குழாயை நானே கழற்றிவிட்டேன். நாலு போல்ட்டும் கெட்டியாகத்தான் முடுக்கியிருக்கிறாய். அதில் குறை சொல்ல முடியாது. பழைய பெட்டியை மாட்டியாயிற்று. மேட்டில் கொஞ்சம் திணறுகிறது. திணறட்டும்.

உன் தங்கை தப்பு செய்தாள், மேடேறி மூச்சு வாங்குவதற்குள் சொல்லிவிட்டாள். உனக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, எனக்குச் சொல்லிவிட்டாய்.

ஆனால் அந்த நர்ஸ் இப்போது எதில் வேலைக்குப் போகிறார் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். போய்ப் பார். போர்மேன் சொன்னது பொய் என்று அவரிடம் சொல். அப்புறம் வீட்டுக்கு வா.

சாப்பிடு.

அப்பா

இனி நான் எழுதுவது. அப்பா சொல்லி முடித்ததும் வாங்கிப் படித்துப் பார்த்து, 'சாப்பிடு' என்ற கடைசி வார்த்தையை அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை. அம்மாவும் நானும் நலம். கிளிப்புகளுக்கு வேறு டப்பா தேடுகிறோம். வாத்தியார், நான் முன்னால் உட்கார்ந்தால்தான் ஏறுவேன் என்கிறார். ஆனால் கணக்கு மட்டும் போடக் கூடாதாம்.

தங்கை


அக்டோபர் 25

வக்கீலம்மாவுக்கு,

உங்கள் மூவருக்கும் என் அன்பு. எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை.

அந்த நர்ஸின் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் வீடு பூட்டியிருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர் வரும்வரை நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார், யூனிபார்மோடு. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

வண்டி நின்றதற்குக் காரணம் அவர் ஓட்டிய விதம் அல்ல, நான் வைத்த குழாய் என்று சொன்னேன். அவர் சாவியைப் பூட்டில் வைத்தபடியே கேட்டார்.

"தண்ணி போகும்னு வைக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

உனக்கு அனுப்பிய மாதிரி ஒரு துணி உறை அனுப்ப இங்கே வழியில்லை, தங்கச்சி. "தெரியும்" என்றேன்.

"ரெண்டு மாசமா நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். "அன்னைக்கு வேகமாப் போனேனா, மெதுவாப் போனேனான்னு பஸ்ஸுல தினமும் யோசிப்பேன். மெதுவாத்தான் போனேன், இல்ல?"

"ஆமாம்" என்றேன். "மெதுவாத்தான் போயிருக்கீங்க."

தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இடம் பிடித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தையற்கடைக்கே போடுகிறேன், நீ மட்டும் படிப்பதற்காக. அப்பாவிடம் படித்துக் காட்டாதே. அவருக்கு நானே சொல்ல வேண்டும்.

அண்ணன்